காற்று இழுக்கும் வண்டி

நம் வீட்டுப் பிள்ளைகள்: மாதந்தோறும்



இம்மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று வன்னியிலிருந்து வந்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே உள்ள உடையார்கட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்:

"என் மகனுக்கு வயது 13. மகளுக்கு 16. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி ஒரு படம் அனுப்பினார். கடற்கரை மணலில் மூன்று சில்லு வண்டியொன்றில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெரிய பட்டமொன்று அந்த வண்டியை இழுத்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. பழைய தள்ளுவண்டிச் சில்லும் தறப்பாளும் தங்கூசியும் சேர்த்து அதுபோல் ஒன்று செய்யப்போகிறேன் என்று மகன் நிற்கிறான். தம்பி ஓடினால் நானும் ஓடுவேன் என்கிறாள் மகள். 'பிள்ளைகள்தானே, விளையாடட்டும்' என்பது அவர்களுடைய வாப்பாவின் பேச்சு. 'பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன கூத்து' என்பது மாமியின் பேச்சு. நான் என்ன சொல்ல?"

சகோதரியே, உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. ஆனால், என்னவென்று தெரியாமல் 'செய்' என்பதும் தவறு, 'செய்யாதே' என்பதும் தவறு. ஆகவே முதலில் அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பிறகு தீர்ப்புச் சொல்வோம்.

பட்டவண்டி என்பது என்ன?

ஆங்கிலத்தில் இதைக் 'கைட் பகி' என்பார்கள். நாம் பட்டவண்டி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. நிலத்தை ஒட்டினாற்போலத் தாழ்வான இருக்கை. முன்சில்லின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் பாதங்களை வைத்து, காலாலேயே வண்டியைத் திருப்ப வேண்டும். கைகள் இரண்டும் பட்டத்துக்கு. இயந்திரம் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கும் கிடையாது. இந்தக் கடைசி வார்த்தையைத் தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும்!

பட்டமும் நம் பிள்ளைகள் ஈர்க்கும் தாளும் கொண்டு கட்டும் பட்டம் அல்ல. தலையணை உறைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தது போன்ற துணிப்பட்டம் அது. காற்று உள்ளே புகுந்து உப்பியதும் இறக்கை போல விறைத்து நிற்கும். அதற்கு இரண்டு அல்லது நான்கு நூல்கள். இடது நூலை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது நூலை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். நம் பட்டத்தை ஏற்றிவிட்டு மரத்தில் கட்டிவைக்கலாம். இந்தப் பட்டத்தை விநாடிக்கு விநாடி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது புதிய பைத்தியம் என்று மாமி நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். குதிரைக்குப் பதில் இரண்டு பட்டங்கள் இழுக்கும் வண்டியைச் செய்து 1826இல் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் சாலைச் சுங்கம் குதிரைக் கணக்கில் வாங்கப்பட்டது. குதிரையே இல்லாத வண்டிக்கு என்ன சுங்கம் வாங்குவது என்று சுங்கக்காரர்கள் விழித்தார்களாம்! அதே 1820களில் அவர் தம் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் அமர்த்தி, பட்டத்தைக் கொண்டே ஆகாயத்தில் உயர்த்தினார். அவள் பத்திரமாக இறங்கினாள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் தாய் அந்த மார்த்தாதான்.

அதன்பின் நெடுங்காலம் இது மறக்கப்பட்டுக் கிடந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் லின் என்ற பட்டக் கலைஞர் 1990ஆம் ஆண்டளவில் இன்றைய மூன்று சில்லு வண்டிக்கு உருவம் கொடுத்தார். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. அமெரிக்காவின் வறண்ட ஏரிப் படுகைகளில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இதை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

காற்றின் கணக்கு

இனி உங்கள் மகனுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகும்! வேகம் மூன்று மடங்கானால் இழுவை ஒன்பது மடங்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே பிடிக்கும் பட்டம், 30 கிலோமீட்டர் காற்றில் பெரிய ஆளையே மணலில் இழுத்துப் போடும். காற்று நமக்குச் சொல்லிவிட்டு வேகம் கூடுவதில்லை. ஒரு வீச்சு வரும், அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி தேடி நியூசிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் யாழ்ப்பாணம் பருத்தித்துறைப் பகுதியில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து பெரிய பட்டமொன்றைக் கயிற்றில் ஏற்றினார்கள். பட்டம் இழுத்த இழுப்பில் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். ஓர் இளைஞர் மட்டும் விடவில்லை. கயிற்றோடு அவர் ஆகாயத்தில் தூக்கப்பட்டார். கீழே நின்றவர்கள் 'விடு, விடு' என்று கத்திய அந்தக் காட்சி உலகமெங்கும் பார்க்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார். அந்த இளைஞர்கள் அனுபவம் இல்லாத பிள்ளைகள் அல்லர். வடமராட்சி பட்டத்துக்குப் பேர்போன மண். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைக் காண ஊரே திரளும். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என்று விதவிதமாகக் கட்டி, முச்சை பார்த்து, விண் பூட்டி, இரவெல்லாம் கூவவிடும் கைகள் அவை. அந்தக் கைகளையே காற்று ஏமாற்றியது என்றால், தறப்பாளும் தங்கூசியும் கொண்டு கிளம்பும் 13 வயதுப் பிள்ளையின் நிலை என்ன?

ஆகவே முதல் தீர்ப்பு இது: வீட்டில் செய்த வண்டியும் தறப்பாள் பட்டமும் வேண்டாம். தங்கூசி கையை அறுக்கும், குறுக்கே வருபவரின் கழுத்தையும் அறுக்கும். இந்தியாவில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலால் வீதியில் போனவர்கள் கழுத்தறுபட்டு இறந்திருக்கிறார்கள். நைலோன் மாஞ்சாவுக்கு அந்நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை விதித்தது. நூல்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

முதல் பாடம் வண்டி அல்ல, பட்டம்

முறையாகக் கற்பவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன் பல நாட்கள் நிலத்தில் நின்று பட்டம் மட்டுமே ஓட்டுகிறார்கள். அதற்கென்றே ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் அளவில் சிறிய இரட்டை நூல் பட்டங்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மாமா பிள்ளைகளுக்கு ஏதும் வாங்கி அனுப்ப விரும்பினால், வண்டியை அல்ல, அப்படியொரு பயிற்சிப் பட்டத்தை அனுப்பட்டும்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். உங்களுக்கு முன்னால் பாதிக் கவிழ்த்த சட்டி போல ஒரு வெளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பறக்கக்கூடிய இடம் அதுதான். தலைக்கு நேர் மேலே கடிகாரத்தின் 12 மணி. இடது ஓரம் 9 மணி, வலது ஓரம் 3 மணி. இந்த ஓரங்களில் பட்டம் சாதுவாக நிற்கும். நேர் முன்னால், தாழ்வாக, சட்டியின் நடுவில்தான் இழுவை மிக அதிகம். தெரியாமல் பட்டத்தை அந்த நடுவில் விட்டவர் முகங்குப்புற விழுவார். பட்டத்தை ஓரத்தில் ஏற்றுவதும் ஓரத்திலேயே இறக்குவதும் முதல் பாடம். 12 மணியில் அசையாமல் நிறுத்திப் பழகுவது இரண்டாவது பாடம். படுத்த எட்டுப்போல இடமும் வலமும் ஓட்டுவது மூன்றாவது.

நான்காவது பாடம்தான் எல்லாவற்றிலும் பெரியது: கையை விடுவது! பயம் வந்தால் மனிதனின் கை தானாக இறுகும். இழுக்கும் பட்டத்தை இன்னும் இறுகப் பிடிக்கவே மனம் சொல்லும். அதனால் நல்ல ஆசிரியர்கள், ஒன்றும் நடக்காதபோதே 'விடு' என்று சொல்லிப் பல தடவை விடப் பழக்குகிறார்கள். நல்ல பட்டங்களில் மணிக்கட்டில் மாட்டும் வார் ஒன்று உண்டு. பிடியை விட்டதும் அந்த வார் பட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும் இழுக்கும். பட்டம் காற்றிழந்து துணியாகத் தொங்கிக் கீழே விழும். பறந்தும் போகாது, இழுக்கவும் இழுக்காது. கற்றுக்கொள்பவர் எக்காரணம் கொண்டும் நூலைக் கையில் சுற்றவோ இடுப்பில் கட்டவோ கூடாது.

எவ்வளவு காற்றில் பழகலாம்? கருவி வேண்டாம், மரத்தைப் பாருங்கள். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் காற்று 12 முதல் 19 கிலோமீட்டர். பழக ஏற்றது. புழுதியும் கடதாசியும் கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது. ஆரம்பக்காரர் இறக்கிவிட வேண்டும். சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

பிறகு வண்டி

வண்டியிலும் முதலில் பட்டமில்லாத பாடம். காக்காவோ ராத்தாவோ பின்னாலிருந்து தள்ள, காலால் திருப்பிப் பழக வேண்டும். பட்டத்தோடு உட்காரும்போது, பட்டத்தை 12 மணியில் வைத்துக்கொண்டு இருக்கையில் அமர வேண்டும். வண்டியின் முகம் காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பட்டத்தைப் போகும் திசையில் மெல்லச் சாய்த்தால் வண்டி நகரும். பாய்மரப் படகு போலவே இதுவும் காற்றுக்குக் குறுக்கே நன்றாக ஓடும். காற்றுக்கு எதிரே போக வேண்டுமானால் வளைந்து வளைந்துதான் போக முடியும்.

நிறுத்துவது எப்படி? பட்டத்தை இழுவை குறைந்த ஓரத்துக்குக் கொண்டுபோய், முன்சில்லைக் காற்று வரும் திசைக்குத் திருப்பினால் வண்டி நிற்கும். அவசரத்தில் பட்டத்தை வெடுக்கென்று தலைக்கு மேலே இழுத்தால், வண்டி கீழே நிற்க, ஆள் மேலே போய்விடக் கூடும். அனுபவசாலிகளுக்கும் இப்படி எலும்பு முறிந்திருக்கிறது. தலைக்கவசம், கையுறை, முழங்கால் முழங்கை உறைகள், மூடிய சப்பாத்து ஆகியவை இல்லாமல் யாரும் ஏறக் கூடாது.

நம் கரைக்கு இது பொருந்துமா?

பட்டவண்டி பிறந்து வளர்ந்த கரைகள் வேறு மாதிரியானவை. இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கும். ஈரமாக இறுகிய தட்டை மணல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். நம் நாட்டில் ஏற்றவற்று மிகக் குறைவு, ஒரு மீட்டர்கூட இல்லை. முல்லைத்தீவுக் கரையில் இறுகிய மணல் அலையோரத்தில் ஒரு பட்டி அளவே. அதற்கு மேலே சில்லு புதையும் பொருபொருத்த மணல். அதிலும் கரைவலை இழுப்பவர்களின் கயிறு கிடக்கும், படகுகள் நிற்கும், சிறுபிள்ளைகள் ஓடித்திரிவார்கள்.

காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். அந்தக் கரை வடகிழக்கைப் பார்த்தது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம் அங்கே தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. பிடியை விட்டால் பட்டம் கடலுக்குள். அதை எடுக்க நீந்திப் போகும் பிள்ளைதான் ஆபத்துக்குள்ளாகும். வாடை கடலிலிருந்து கரைக்கு வரும். ஆனால் நவம்பர், டிசம்பரில் மழையும் கொந்தளிப்பும் அதனோடு சேர்ந்து வரும். மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் பின்னேரங்களில் கடலிலிருந்து வீசும் மெல்லிய காற்றே பழகுவதற்கு நல்லது.

சரியான ஆசிரியரிடம் கற்க வேண்டுமென்றால், இலங்கையில் பட்டத்தின் இழுவையைக் கற்பிக்கும் இடம் கற்பிட்டி. அங்கே வண்டிக்குப் பதில் பலகையில் நின்று, ஆழமற்ற களப்பு நீரில் பட்டத்தால் இழுபட்டுப் போகிறார்கள். மே முதல் ஒக்டோபர் வரையும், டிசம்பர் நடுப்பகுதி முதல் சில மாதங்களும் அங்கே நல்ல காற்று. மன்னாரிலும், கடலுக்கு அப்பால் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் இது நடக்கிறது. முதல் நாள் பாடம் எங்கும் ஒன்றுதான்: மணலில் நின்று சிறு பட்டம் ஓட்டுவது.

கற்பிட்டி என்றதும் நம்மில் பலருக்கு வேறொன்று நினைவு வரும். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு உட்பட வட மாகாணம் முழுவதிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பெருந்தொகையாகப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான் தஞ்சம் புகுந்தன. அந்த மணலில் கிடுகுக் கொட்டில் கட்டி, ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தத் தாய்மார்களுக்குக் காற்று என்றால் கூரையைப் பிய்க்கும் காற்று, சோற்றில் மண்ணைத் தூவும் காற்று. இன்று அதே காற்றைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் பணம் செலவழித்து வருகிறார்கள். திரும்பிப் போன குடும்பங்களின் பிள்ளைகளும், அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் காற்றைப் பயமில்லாமல் அறிந்துகொண்டால் அதில் குறையொன்றும் இல்லை.

ஓடிப் போகாதே

சகோதரியே, உங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பட்டம் அறுந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே ஓடும். காலடியைப் பார்க்காது. 2009இன் முதல் மாதங்களில் உடையார்கட்டு, சுதந்திரபுரம் தொடங்கி முல்லைத்தீவுக் கரைவரை போர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வடக்கில் 2002 முதல் மிதிவெடி அகற்றும் வேலை நடக்கிறது. வன்னிப் பெண்கள் பலர், கணவனை இழந்தவர்கள் உட்பட, முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக அந்த மண்ணைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஆயினும் வேலை முற்றாக முடியவில்லை. சுத்தம் செய்த இடங்களில் மக்கள் வாழ்கிறார்கள், வயல் விதைக்கிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்காடு வேறு.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: பற்றைக்குள் விழுந்த பட்டம் போன பட்டம்தான். அதன் பின்னால் ஒருவரும் போகக் கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் 119க்குச் சொல்ல வேண்டும். புதிய இடத்தில் பட்டம் விடுமுன் கிராம அலுவலரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மின்கம்பியில் சிக்கிய பட்டத்துக்கும் இதே சட்டம். தடி கொண்டு தட்டுவதும் இல்லை, கம்பத்தில் ஏறுவதும் இல்லை. விழுந்து அடிபட்ட பிள்ளையைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அதுவே கேடாகும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மகளுக்கு என்ன பதில்?

மாமியின் கேள்விக்கு வருவோம். இந்த விளையாட்டுக்கு வேண்டியது உடல் பலத்தைவிடப் பொறுமையும் கவனமும். பட்டத்தை முரட்டுத்தனமாக இழுக்கும் பையனைவிட, விரலால் மெல்ல அசைக்கும் பெண்பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்வதில் வியப்பில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டத்தால் இழுபடும் பலகைப் போட்டி முதல் முறையாக இடம்பெற்றபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடந்தது. உடையைப் பற்றிய கவலையா? அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் தலையை மூடியபடியே வாள்வீச்சில் ஆடி 2016இல் தம் அணியோடு ஒலிம்பிக் பதக்கம் வென்றார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சில்லுள்ள எதிலும் தொங்கும் துணி ஆபத்து. மோட்டார் சைக்கிளின் சில்லில் முந்தானையோ சால்வையோ சுற்றி உயிர்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அபாயா அணிந்துகொண்டு பட்டவண்டியில் உட்காரக் கூடாது. முழுக்கால் சட்டை, முழங்கால்வரை வரும் தளர்ந்த மேற்சட்டை, நுனி தொங்காமல் கழுத்துக்குள் செருகிய தலைத்துணி, அதன்மேல் தலைக்கவசம் போதும். மறைக்க வேண்டியதும் மறையும், சிக்கவும் சிக்காது.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் செய்யும் வண்டிக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், வேறொன்றுக்கு ஆம் என்று சொல்லுங்கள். அறுவடை முடிந்த வயல்வெளியோ, மின்கம்பி இல்லாத பாடசாலை மைதானமோ பாருங்கள். சிறிய பட்டமொன்று, பருத்தி நூல், மெல்லிய காற்று. அவர்களுடைய வாப்பா பக்கத்தில் நிற்கட்டும். 'விளையாடட்டும்' என்று சொன்னவர் அவர்தானே! அக்காவும் தம்பியும் மாறிமாறிப் பிடிக்கட்டும். காற்று எங்கிருந்து வருகிறது, எப்போது இறக்க வேண்டும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லத் தொடங்கினால், என்றாவது ஒரு நாள் கற்பிட்டியில் தகுந்த ஆசிரியரிடம் ஒரு பாடம் படிப்பதைப் பற்றி யோசிக்கலாம். வண்டி அதற்குப் பிறகு வரட்டும்.

மாமியையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகள் 'விட்டாச்சு' என்று கையை விரித்துக் காட்டும்போது பக்கத்தில் பெரியவர்கள் இருப்பது நல்லது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு கடிதத்தோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.